‘முன்பு பெற்ற நிதி’: ஒரு காலிக் கட்டத்தின் வரலாறு

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் தங்கை ஒருவர் போன மாதம் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தார். செவிலியர் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கிறார். எங்கள் சேரியிலிருந்து முனைவர் பட்டம் வரை போன முதல் ஆள் அவர்தான். துப்புரவுப் பணி செய்யும் பெண்களுக்கு வரும் கைப்புண், தோல் நோய் பற்றி ஆராய நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார். முதன்மை ஆய்வாளர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டு அவர் எழுதும் முதல் ஆய்வுத் திட்டம் இது. போன ஆண்டு ஒருமுறை அனுப்பினார், திரும்பி வந்துவிட்டது. திருப்பி அனுப்பியவர்கள் எழுதிய குறிப்பில் இரண்டு காரணங்கள் இருந்தன. ஆய்வாளருக்கு முன் அனுபவம் போதாது. ஆய்வு செய்யப்படும் சமூகத்தையே அவர் சேர்ந்தவர் என்பதால் முடிவுகளில் சார்பு வரக்கூடும்.

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. ‘விண்ணப்பதாரர் இதற்கு முன் பெற்ற ஆய்வு நிதிகள்.’

“அண்ணா, இதுல ‘இல்லை’ன்னு போட்டா, அதோட தள்ளி வச்சிடுவாங்களா?” என்று கேட்டார்.

எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. நாம் நிரப்பிப் பழகிய படிவங்கள் வேறு. சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, பட்டா மனு, வன்கொடுமைப் புகார், தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லிவிடுவோம். அந்தப் படிவங்களிலெல்லாம் நாம் எதையோ இழந்தவர்களாக, எதையோ நிரூபிக்க வேண்டியவர்களாக நிற்கிறோம். ‘எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அதை ஆராயப் பணம் கொடு’ என்று கேட்கும் படிவம் இதுவரை நம் வீட்டுக்குள் வந்ததில்லை.

ஆகவே வேறு எங்கேயாவது இந்தக் கட்டத்தை எதிர்கொண்டவர்கள் இருக்கிறார்களா என்று தேடிப் படித்தோம். செவிலியர்கள் ஆய்வு நிதி கேட்கத் தொடங்கிய வரலாறு அமெரிக்காவில்தான் நீளமாகப் பதிவாகியிருக்கிறது. அதற்குள் கறுப்பினச் செவிலியர்களின் வரலாறு தனியாக ஓடுகிறது. அதை நாம் படிப்பது ஒன்றும் புதிதல்ல. அடிமை முறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்குத் தன் ‘குலாம்கிரி’ நூலை 1873-இல் காணிக்கையாக்கினார் மகாத்மா ஜோதிராவ் பூலே. அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொடுத்த மனுவின் படி வேண்டும் என்று 1946-இல் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார் அண்ணல் அம்பேத்கர். அந்தக் கடிதப் போக்குவரத்தின் தொடர்ச்சியாகவே இதையும் எழுதுகிறோம்.

அமெரிக்காவில் முறையாகப் பயிற்சி பெற்றுப் பட்டயம் வாங்கிய முதல் கறுப்பினச் செவிலியர் மேரி எலைசா மஹோனி. பாஸ்டன் நகரில் பெண்களும் குழந்தைகளும் சிகிச்சை பெறும் நியூ இங்கிலாந்து மருத்துவமனையில் 1879-இல் பயிற்சியை முடித்தார். மாணவியாகச் சேர்வதற்கு முன் அதே மருத்துவமனையில் சுமார் 15 ஆண்டுகள் சமையல், துணி துவைத்தல், தரை துடைத்தல் ஆகிய வேலைகளைச் செய்தவர். இந்த ஒரு தகவலைப் படித்ததும் தங்கை சிரித்தார். அவருடைய அம்மா ஒரு மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். படுக்கைத் துணியில் என்னென்ன கறை இருந்தால் என்ன நோய் என்று அம்மாவுக்குத் தெரியும், ஆனால் அம்மாவிடம் யாரும் கேட்டதில்லை என்று சொல்வார்.

கறுப்பினச் செவிலியர்கள் பற்றிய முதல் பெரிய தகவல் சேகரிப்பை நடத்தியவர் எந்த நிதியும் பெறாதவர். மார்த்தா மினர்வா ஃபிராங்க்ளின், 1897-இல் ஃபிலடெல்பியாவில் படித்து முடித்தபோது தன் வகுப்பின் ஒரே கறுப்பினப் பெண். 1906 முதல், நாடு முழுவதும் பரவிக் கிடந்த கறுப்பினச் செவிலியர்களின் நிலை என்ன என்று அறிய முற்பட்டார். எப்படி? கடிதம் எழுதி. ஏறத்தாழ 1,500 கடிதங்களைத் தன் கையால் எழுதி, தன் காசில் தபால் தலை ஒட்டி அனுப்பினார். இன்றைய படிவத்தின் மொழியில் சொன்னால், மாதிரித் தேர்வு, வினாநிரல், களப்பணி, செலவுத் திட்டம் என எல்லாம் அதற்குள் இருந்தது. நிதி வழங்கிய நிறுவனம் என்ற இடத்தில் மட்டும் அவருடைய கைப்பை இருந்தது. அந்தக் கடிதங்களுக்குப் பதிலாக 1908 ஆகஸ்டில் 52 செவிலியர்கள் நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் கூடினார்கள். பட்டயம் பெற்ற கறுப்பினச் செவிலியர்களின் தேசியச் சங்கம் அங்கே பிறந்தது. அந்தக் கூட்டத்துக்கு இடமும் ஆதரவும் ஏற்பாடு செய்த ஏடா தாம்ஸ், பின்னாளில், 1929-இல், கறுப்பினச் செவிலியர்களின் முதல் வரலாற்று நூலையும் எழுதினார்.

அப்படியென்றால் அந்தக் காலத்தில் செவிலியம் பற்றிய ஆய்வுக்குப் பணமே இல்லையா? இருந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பணம் கொடுத்துச் செய்யப்பட்ட கோல்ட்மார்க் அறிக்கை 1923-இல் வெளிவந்தது. செவிலியர் கல்வியைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோக வேண்டும் என்ற வாதத்துக்கு இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் அறிக்கை அது. அதன் பிறகு அதே அறக்கட்டளை, கறுப்பினச் செவிலியர்களின் நிலை பற்றியும் ஓர் ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. அந்த வேலையைக் கொடுத்தது ஈத்தல் ஜான்ஸ் என்ற வெள்ளையினச் செவிலியரிடம். அவர் மருத்துவமனைகளையும் பயிற்சிப் பள்ளிகளையும் சுற்றிப் பார்த்து 1925-இல் அறிக்கை கொடுத்தார். கறுப்பின மாணவிகளுக்குக் கிடைத்த மட்டமான பயிற்சி வசதிகளும், அவர்களைப் பற்றி வெள்ளையினக் கண்காணிப்பாளர்கள் வைத்திருந்த கருத்துகளும் அதில் இருக்கின்றன. அறிக்கை அச்சாகவே இல்லை. ஆவணக் காப்பகத்தில் உறங்கியது. கறுப்பின வரலாற்றறிஞர் டார்லின் கிளார்க் ஹைன் போன்றவர்கள் பல பத்தாண்டுகள் கழித்துத் தூசி தட்டி எடுத்துப் பேசிய பிறகுதான் அப்படி ஒன்று இருந்தது பலருக்கும் தெரிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1908-இல் தபால் தலைக்குக் கூடப் பணம் கிடைக்காதவர்களைப் பற்றி, 1925-இல் பணம் செலவழித்து ஆய்வு நடந்தது. ஆய்வுப்பொருளாக அவர்களுக்கு இடம் கிடைத்தது. ஆய்வாளராகக் கிடைக்கவில்லை. நம்மைப் பற்றி எத்தனை முனைவர் பட்டங்கள், எத்தனை கள ஆய்வுகள், எத்தனை ‘இனவரைவியல்’ நூல்கள்! வினாத்தாளோடு சேரிக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனவர்களின் அறிக்கைகள் எங்கே போயின என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதைவிடக் கசப்பான ஒரு கதையையும் சொல்லியாக வேண்டும். கறுப்பினச் செவிலியர் ஒருவரின் பெயர் ஓர் ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியராக 1953-இல் அச்சேறியது. யூனிஸ் ரிவர்ஸ். அமெரிக்க அரசின் பொது சுகாதாரப் பணித்துறை வெளியிட்ட இதழில், மற்ற மூவரின் பெயர்களுக்கு முன்னால் அவர் பெயர் நிற்கிறது. கொண்டாட வேண்டிய செய்தி போலத் தெரிகிறது. கட்டுரை எதைப் பற்றியது? டஸ்கிகி சிஃபிலிஸ் ஆய்வைப் பற்றியது.

அலபாமா மாநிலத்தின் மேகன் மாவட்டத்தில் 1932-இல் தொடங்கிய ஆய்வு அது. ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்கள், பெரும்பாலும் குத்தகை விவசாயிகள். அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ் இருந்தது. அவர்களுக்கு உண்மையான நோயின் பெயர் சொல்லப்படவில்லை. ‘கெட்ட ரத்தம்’ என்றார்கள். சிகிச்சை கொடுக்காமல் விட்டால் நோய் உடலை எப்படித் தின்னும் என்று பார்ப்பதே நோக்கம். 1940களில் பென்சிலின் கைக்கு வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972-இல் செய்தித்தாள்களில் வெளியாகும் வரை 40 ஆண்டுகள் நடந்தது.

இந்த ஆய்வுக்கும் ஒரு நல்கை உண்டு. மில்பேங்க் நினைவு நிதி என்ற அறக்கட்டளை, இறந்தவர்களின் அடக்கச் செலவுக்குப் பணம் கொடுத்தது. பதிலுக்கு உடலை அறுத்துப் பார்க்கக் குடும்பம் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தை வாங்கும் வேலை ரிவர்ஸுடையது. ஆண்களைக் காரில் ஏற்றிப் பரிசோதனைக்கு அழைத்து வருவது, வீடு வீடாகப் போய்ப் பேசுவது, துக்க வீட்டில் பக்கத்தில் உட்காருவது எல்லாம் அவர். டஸ்கிகி கல்வி நிலையத்திலேயே படித்த, அந்த மக்களின் மொழி தெரிந்த, அந்த மக்களே நம்பிய செவிலியர். அந்த நம்பிக்கைதான் ஆய்வின் முதலீடு. அதைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கு கேள்வியை மாற்றும் அதிகாரம் ஒருநாளும் இருக்கவில்லை. அவருக்கு 1958-இல் அரசு விருதும் கொடுத்தார்கள்.

அவரை எப்படிப் பார்ப்பது என்று எங்கள் வட்டத்தில் வாக்குவாதம் நடந்தது. துரோகி என்றார் ஒரு தோழர். அன்றைய தெற்கில் மருத்துவரை எதிர்த்துப் பேசும் நிலையில் ஒரு கறுப்பினச் செவிலியர் இருந்தாரா என்று கேட்டார் இன்னொருவர். எங்களுக்கு இரண்டில் எதுவும் முழுதாகச் சம்மதமில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. கட்டுரையில் பெயர் வருவது வேறு, கேள்வி கேட்கும் இடத்தில் இருப்பது வேறு. ‘முதன்மை ஆய்வாளர்’ என்ற சொல்லுக்குப் படிவத்தில் ஒரு வரிதான் இடம் என்றாலும், என்ன கேட்பது, யாரிடம் கேட்பது, எப்போது நிறுத்துவது என்ற முடிவுகள் அத்தனையும் அந்த ஒரு வரியில்தான் இருக்கின்றன.

ரிவர்ஸின் கட்டுரை வந்து இரண்டு ஆண்டுகளில், 1955-இல், அதே பொது சுகாதாரப் பணித்துறை செவிலியர்களுக்கென்று ஆய்வு நிதியும் ஆய்வு உதவித்தொகையும் கொடுக்கத் தொடங்கியது. ‘நர்சிங் ரிசர்ச்’ என்ற இதழ் அதற்கு மூன்றாண்டு முன்பே, 1952-இல், தொடங்கியிருந்தது. 1962-இல் செவிலியர்களை அறிவியலாளர்களாக முனைவர் பட்டம் வரை படிக்கவைக்கும் திட்டம் வந்தது. இந்தக் கதவுகள் திறந்தபோது கறுப்பினப் பெண்கள் எங்கே நின்றார்கள்?

மிகவும் பின்னால். எஸ்டெல் மாஸி ஆஸ்பார்ன்தான் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினச் செவிலியர், ஆண்டு 1931. ரோசன்வால்ட் நிதியத்தின் உதவித்தொகையில் கொலம்பியாவில் படித்தார், பிறகு அந்த நிதியத்துக்காகவே தெற்கின் கிராமங்களில் ஆய்வும் செய்தார். இரண்டாம் உலகப் போரின்போது கறுப்பின மாணவிகளைச் சேர்த்துக்கொள்ளும் செவிலியர் பள்ளிகளின் எண்ணிக்கையை இரண்டே ஆண்டில் 14-இலிருந்து 38 ஆக உயர்த்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 38 என்பது பெரிய எண்ணாகத் தோன்றலாம். நாடு முழுவதும் இருந்த பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல். பள்ளியில் சேராதவர் பட்டதாரி ஆக முடியாது, பட்டதாரி ஆகாதவர் முனைவர் ஆக முடியாது, முனைவர் ஆகாதவர் நிதிக்கு எழுதி வெல்வது கடினம். 1955-இல் திறந்த கதவுக்கு முன்னால் வந்து நிற்கவே ஒரு தலைமுறை பிடித்தது. அந்தக் காலி வரிசையைப் பார்த்து, ‘அவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை’ என்று யாராவது சொல்லியிருந்தால் எண்ணிக்கையளவில் அது பொய்யாக இருந்திருக்காது. நம்மைப் பார்த்தும் இதே வாக்கியத்தைத்தானே சொல்கிறார்கள்: ‘தகுதியான எஸ்.சி. விண்ணப்பதாரர் கிடைக்கவில்லை.’

அந்தத் தலைமுறை இடைவெளியை நிரப்பத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. 1974-இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம், தேசிய மனநல நிறுவனத்தின் பணத்தைக் கொண்டு சிறுபான்மை இனச் செவிலியர்கள் முனைவர் பட்டம் படிக்க உதவித்தொகைத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. ஹேட்டி பெசன்ட் என்ற கறுப்பினச் செவிலியர் அதை நெடுங்காலம் நடத்தினார். அதே 1970களில் எலிசபெத் கார்னகி ‘நர்சிங் ரிசர்ச்’ இதழின் ஆசிரியராக இருந்தார். வெர்னீஸ் ஃபெர்குசன், என்.ஐ.எச். என்று சொல்லப்படும் தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவமனையில் செவிலியர் துறைத் தலைவராக இருந்தார். இரண்டு பேருமே கறுப்பினப் பெண்கள். தாங்கள் இருந்த நாற்காலியை வைத்துச் செவிலியர்கள் ஆய்வு செய்ய வேண்டும் என்று ஓயாமல் பேசியவர்கள்.

இங்கே வரலாற்றில் ஒரு வேடிக்கை நடக்கிறது. 1980களில் ஒட்டுமொத்தச் செவிலியர் சமூகமும், அதாவது பெரும்பாலும் வெள்ளையினப் பெண்கள், நம்முடைய மொழியில் பேசத் தொடங்கினார்கள். நிலைமை இதுதான்: மருத்துவ ஆய்வுக்கான பெரும் பணம் என்.ஐ.எச்.சுக்குள். செவிலிய ஆய்வுக்கான சில்லறைப் பணம் அதற்கு வெளியே, செவிலியர் பயிற்சியைக் கவனிக்கும் துறையின் ஓர் ஓரத்தில். என்.ஐ.எச்.சில் போய்ப் போட்டியிடலாமே என்றால், விண்ணப்பத்தை மதிப்பிடுகிறவர்கள் மருத்துவர்களும் உயிரியலாளர்களும். நோயாளியின் வலி, படுக்கைப்புண், பிரசவம் முடிந்த தாயின் தூக்கம், வீட்டுக்குப் போன முதியவரை யார் கவனிக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் கண்ணுக்கு அறிவியலாகத் தெரிவது கடினம். ஆகவே செவிலியர்கள் கேட்டது தனி நிறுவனம். தனி நிதி, தனி மதிப்பீட்டுக் குழு. பச்சையாகச் சொன்னால், இடஒதுக்கீடு.

செவிலிய ஆய்வை அறிவியலின் மைய ஓட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று 1983-இல் மருத்துவக் கழகத்தின் அறிக்கை பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் 1984-இல் நிறைவேற்றிய சட்டத்துக்கு அதிபர் ரீகன் ஒப்புதல் தரவில்லை. தேவையில்லாத புதிய அமைப்புகள், வீண் நிர்வாகச் செலவு, ஆய்வுக்குப் பயனில்லை என்பது அவர் சொன்ன காரணம். அடுத்த ஆண்டு மறுபடியும் நிறைவேற்றினார்கள். மறுபடியும் மறுத்தார். 1985 நவம்பர் 20 அன்று அவருடைய மறுப்பை மீறி நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. 1986 ஏப்ரலில் தேசியச் செவிலிய ஆய்வு மையம் என்.ஐ.எச்.சுக்குள் திறந்தது. ‘நிறுவனம்’ என்று கேட்டவர்களுக்கு சமரசமாக ‘மையம்’ என்ற பெயர்தான் கிடைத்தது. ஊர் என்று கேட்டால் காலனி என்று எழுதிக் கொடுப்பது போல. முதலில் பொறுப்புத் தலைவராக உட்கார்ந்தவரும் ஒரு மருத்துவர்தான். 1987-இல் ஏடா சூ ஹின்ஷா என்ற செவிலியர் முதல் நிரந்தர இயக்குநராக வந்தார். ‘நிறுவனம்’ என்ற பெயர் 1993-இல்தான் வந்து சேர்ந்தது.

அந்தத் தனி அறை கிடைத்த பிறகு செவிலிய ஆய்வின் தரம் தாழ்ந்துவிட்டது என்று இன்று யாரும் சொல்வதில்லை. ‘தகுதி திறமை’ பேசுகிறவர்களிடம் அடுத்த முறை இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்தத் தனி அறைக்குள்ளும், அதைச் சுற்றியுள்ள பெரிய மாளிகைக்குள்ளும் நிறம் என்ன செய்தது என்பதற்கு 2011 வரை யாரும் முழுக் கணக்குப் பார்க்கவில்லை. டோனா கிந்தர் என்ற பொருளியலாளரும் அவருடைய குழுவும் 2000 முதல் 2006 வரை என்.ஐ.எச்.சுக்கு வந்த விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தார்கள். செவிலியம் மட்டுமல்ல, எல்லாத் துறையும். ‘ஆர்-01’ என்று பெயர் கொண்ட பெரிய ஆய்வு நிதியை வெள்ளையினரைவிடக் கறுப்பினர் பெறும் வாய்ப்பு 13 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. சரி, படித்த கல்லூரி, பயிற்சி, வெளியிட்ட கட்டுரைகள், வேலை செய்யும் நிறுவனம், முன்பு பெற்ற நிதி எல்லாவற்றையும் சமமாக வைத்துக் கணக்கிடுவோம் என்று கணக்கிட்டார்கள். அப்போதும் 10 புள்ளிகள் குறைவு. அதாவது அந்தக் காலிக் கட்டம் நிரம்பியிருந்தாலும் இடைவெளி மூடவில்லை.

அந்த ஆய்வில் எங்களை அதிகம் உலுக்கியது வேறொரு வரி. ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டால் திருத்தி மறுபடி அனுப்பும் கறுப்பினர் குறைவு. அனுப்புகிறவர்களும் மற்றவர்களைவிடக் கூடுதல் தடவை அனுப்பிய பிறகே நிதி பெறுகிறார்கள். இதைப் படித்தபோது தங்கை எதுவும் பேசவில்லை. போன ஆண்டு வந்த கடிதத்துக்குப் பிறகு ஏழு மாதம் அந்தக் கோப்பை அவர் திறக்கவே இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

ஏன் இப்படி என்று 2019-இல் இன்னோர் ஆய்வு கேட்டது. 2011 முதல் 2015 வரையிலான விண்ணப்பங்களில் வெள்ளையினரின் வெற்றி விகிதம் 17.7 சதவீதம், கறுப்பினருடையது 10.7. இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், தேர்ந்தெடுத்த ஆய்வுத் தலைப்பால் வந்தது. கறுப்பின ஆய்வாளர்கள் மக்கள் சமூகங்களின் உடல்நலம், நோய் எங்கே யாருக்கு ஏன் வருகிறது என்பன போன்ற தலைப்புகளை அதிகம் எடுக்கிறார்கள். அந்தத் தலைப்புகளுக்கு நிதி கிடைக்கும் விகிதமே குறைவு. 2021-இல் வந்த தொடர் ஆய்வு இன்னொரு முடிச்சை அவிழ்த்தது: அந்தத் தலைப்புகள் போய்ச் சேருவது நிதி கொடுக்கும் விகிதம் குறைவான நிறுவனங்களுக்கு. என்.ஐ.எச்.சின் 27 நிறுவனங்களிலும் மையங்களிலும் செவிலிய ஆய்வு நிறுவனம் மிகச் சிறிய நிதி கொண்டவற்றில் ஒன்று. மூலக்கூறை ஆராய்பவருக்குப் பெரிய பெட்டி, மக்களை ஆராய்பவருக்குச் சின்ன பெட்டி.

இந்தக் கணக்குகளை வெளிக்கொண்டுவர என்.ஐ.எச். தன் விண்ணப்பப் பதிவுகளையே திறந்து கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். இனம் என்ற கட்டம் விண்ணப்பத்தின் பின்னணிப் பதிவில் இருந்ததால்தான் கணக்கிட முடிந்தது. நம் நாட்டில் பொதுப்பணத்தில் ஆய்வு நிதி வழங்கும் ஒவ்வோர் அமைப்பும், விண்ணப்பித்தவர் எத்தனை பேர், பெற்றவர் எத்தனை பேர் என்று சாதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதைக் கேட்டு மனு எழுத நமக்குத் தெரியும். அந்தப் படிவம் நமக்குப் பழக்கமானது.

முதல்முறை விண்ணப்பிப்பவருக்காக அங்கே செய்த மாற்றங்கள் இரண்டைச் சொல்கிறோம். கடைசிப் பட்டம் அல்லது மருத்துவப் பயிற்சி முடித்துப் பத்தாண்டுக்குள் இருப்பவர், பெரிய நிதி எதுவும் இதுவரை பெறாதவர் என்றால் அவர் ‘தொடக்கநிலை ஆய்வாளர்’ என்று 2009 வாக்கில் தனிப் பிரிவு வந்தது. அவர்களுடைய விண்ணப்பங்களை ஒன்றாகச் சேர்த்து மதிப்பிட வேண்டும். பழைய சாதனையைவிட ஆய்வு முறையைப் பார்க்க வேண்டும். முன்னோட்டத் தரவு குறைவாக இருந்தால் அதைக் குறையாக எடுக்கக் கூடாது. இரண்டாவது மாற்றம் 2025 ஜனவரியில். அதுவரை ஆய்வாளர் யார், அவர் வேலை செய்யும் நிறுவனம் எது என்ற இரண்டுக்கும் 1 முதல் 9 வரை தனித்தனி மதிப்பெண் இருந்தது. 1 என்றால் உச்சம், 9 என்றால் மோசம். பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலே மதிப்பெண் நன்றாக விழும். இப்போது அந்த இரண்டுக்கும் மதிப்பெண் இல்லை. இந்த வேலையைச் செய்ய இவரிடமும் இந்த இடத்திலும் போதுமானது இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும். கேள்வி முக்கியமானதா, முறை சரியானதா என்பவற்றுக்கே மதிப்பெண்.

அந்த 2025-லேயே இன்னொன்றும் நடந்தது. 2026 நிதியாண்டுக்கு அமெரிக்க அதிபர் முன்வைத்த வரவு செலவுத் திட்டம் செவிலிய ஆய்வு நிறுவனத்தை அடியோடு கலைக்கச் சொன்னது. சிறுபான்மையினர் உடல்நலத்துக்கான நிறுவனத்தையும் சேர்த்து. நாற்பது ஆண்டுக்கு முன் சொன்ன அதே ‘தேவையில்லாத அமைப்புகள்’.

இதையெல்லாம் படித்து முடித்த ஞாயிற்றுக்கிழமை தங்கை மறுபடி மடிக்கணினியைத் திறந்தார். நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். ‘முன்பு பெற்ற நிதி’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று தட்டினார். ‘சார்பு வரக்கூடும்’ என்ற பழைய குறிப்புக்குப் பதில் எழுத வேண்டிய இடத்தில் நெடுநேரம் யோசித்தார். கையுறை இல்லாமல் சாக்கடை அள்ளிய பெண், அதை மேற்பார்வையாளரிடம் சொன்னால் வேலை போகும் என்பதால் மருத்துவமனையிலும் மறைப்பார் என்றும், அதைத் தன்னிடம் மறைக்க மாட்டார் என்பதற்குக் காரணம் என்ன என்றும் நான்கு வரிகளில் எழுதினார். நாங்கள் ஒருவர் ‘சாதி’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னோம், இன்னொருவர் வேண்டாம் என்றோம். அவர் சேர்த்தார்.

பிறகு பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். மூன்று ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் அம்மாவின் பழைய கூட்டாளிகள் வீட்டுக்குப் போய், அவர்கள் கையைப் பார்த்து, எந்த விரலில் எத்தனை நாளாகப் புண், என்ன வேலை செய்தபோது வந்தது, என்ன மருந்து போட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொருவரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கியிருக்கிறார். “இதைச் சொல்லலாமா? இதுக்கு யாரும் காசு குடுக்கலையே” என்றார்.

முன்னோட்டத் தரவு என்று படிவத்தில் தனியாக ஓர் இடம் இருந்தது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இந்த மாதம் முப்பது. பெயர்களை மறைத்துப் பக்கங்களை நகலெடுக்க, நோட்டோடு அவருடைய தம்பி ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறார்.